“வயசுக்கேத்த மயலின்”: ஒரு ரிப்போர்ட் வரிக்குப் பின்னால் நிற்கும் விலங்குகள்

போன மாசம் ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு என் தோழி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கம். அவளுக்கு 31 வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. இன்குபேட்டர், குழாய், அலாரம் எல்லாம் தாண்டி, வீட்டுக்கு அனுப்பும் முன் மூளையை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் ஒரு வரியைச் சிவப்பில் சுழித்திருந்தாள். ‘மயலினேஷன் அப்ரோப்ரியேட் ஃபார் ஏஜ்.’ அதுக்குக் கீழே அவள் கேள்வி: “இது நல்லதாடி, கெட்டதா?”

நல்லதுதான், நிம்மதியா தூங்கு என்று பதில் போட்டேன். அவள் தூங்கினாளோ என்னவோ, எனக்குத் தூக்கம் போய்விட்டது. ‘வயசுக்கு ஏற்ற மயலின்’ என்று ஒருத்தர் எழுதுகிறார் என்றால், எந்த வயசில் எவ்வளவு இருக்கணும் என்று யாரோ முன்னாடியே பார்த்து வெச்சிருக்கணும் இல்லையா? மண்டையைத் திறக்காமல், ஒரு காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில், மயலின் இருப்பது எப்படித் தெரிகிறது? அந்த வெள்ளை மயலின்தான் என்று யார் சரிபார்த்தார்கள்?

தேட ஆரம்பித்தேன். வழியில் எலி வந்தது, பூனை வந்தது, ஒரு மீன் வந்தது, நடுங்கிக்கொண்டே இருக்கும் சுண்டெலி வந்தது, பன்றிக்குட்டி வந்தது, மூன்று சிம்பன்சிகளும் வந்தன. இந்த எபிசோட் அவர்களைப் பற்றியது.

முதலில் மயலின் என்றால் என்ன என்று கொஞ்சம் பேசிவிடலாம். நரம்பணுவிலிருந்து நீளமாகக் கிளம்பும் இழைக்கு ஆக்ஸான் என்று பெயர். செய்தி அதில்தான் ஓடுகிறது. அந்த இழையைச் சுற்றிக் கொழுப்பு நிறைந்த ஒரு உறை. அதுதான் மயலின். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைக் கரண்ட் ஒயர் மேல் இருக்கும் பிளாஸ்டிக் என்று சொல்லிக்கொடுத்தார்கள். தப்பில்லை, ஆனால் எனக்கு வாழைமரம்தான் பொருத்தமாகத் தோன்றுகிறது. வாழையை வெட்டிப் பாருங்க, நடுவில் தண்டு, அதைச் சுற்றிப் பட்டை மேல் பட்டையாக உருண்டிருக்கும். மயலினும் அப்படித்தான், ஒரு செல்லின் சவ்வே பல சுற்று சுற்றி இறுகிப்போனது. இதை 1954-இல் பெட்டி கெரன் என்ற அமெரிக்க விஞ்ஞானி கோழிக்கருவின் நரம்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக் காட்டினார். ஆக, முட்டைக்குள் இருந்த கோழிக்குஞ்சையும் நம் பட்டியலில் சேர்த்துக்கணும். உறை இல்லாத நரம்பில் செய்தி விநாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் போகும். நல்ல உறை உள்ள தடித்த நரம்பில் 100 மீட்டரைத் தாண்டும். குழந்தை தலை நிமிர்த்துவது, கைநீட்டிப் பொருளைப் பிடிப்பது, நடப்பது, எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த உறை சுற்றும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது.

மயலின் என்று பெயர் வைத்தது ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ஷோ, 1854-இல். மஜ்ஜைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. ஆனால் நம் கதை உண்மையில் தொடங்குவது லைப்சிக் நகரத்தில், பால் ஃப்ளெக்சிக் என்ற மருத்துவரிடம். அவர் இறந்துபோன சிசுக்கள், கைக்குழந்தைகளின் மூளைகளை வெட்டிப் பார்த்தார். மூளை முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாவதில்லை, ஒவ்வொரு பாதையும் தன் முறை வரும்போதுதான் வெளுக்கிறது என்பதைக் கவனித்தார். 1876-இல் அதைப் புத்தகமாகப் போட்டார். தொடுதல், பார்வை, கேள்வி, உடல் அசைவு, இவற்றுக்கான பகுதிகள் முதலில். இவற்றை இணைத்து யோசிக்கும் பகுதிகள் கடைசியில். எட்டு வருஷம் கழித்து கார்ல் வைகர்ட் மயலினுக்கென்றே ஒரு சாயம் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு நுண்ணோக்கியில் பார்ப்பது இன்னும் தெளிவானது. 1967-இல் யாகோவ்லெவ், லெகூர் என்ற இருவர் அதே பாணியில் மனித மூளைக்கு முழு அட்டவணை போட்டார்கள். எந்தப் பாதை கருவில் எந்த மாதம் தொடங்குகிறது, எந்த வயசில் முடிகிறது என்று. சில பாதைகள் முடிய இருபது வயசுக்கு மேல் ஆகிறது. (பெற்றோரே, டீன் ஏஜ் பிள்ளையைத் திட்டும் முன் இதை நினைவில் வெச்சுக்கோங்க.)

இந்த அட்டவணை பெரிய சாதனைதான். ஆனால் அதன் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குழந்தையின் சாவு இருக்கிறது. அது மட்டுமில்லை. ஆறாம் மாதத்தில் இறந்த குழந்தையின் மூளை ஏழாம் மாதத்தில் எப்படி இருந்திருக்கும் என்று யாரும் பார்க்க முடியாது. அந்தக் குழந்தைகள் ஏதோ நோயில்தான் இறந்தார்கள். அப்படியென்றால் அவர்கள் மூளை ‘சாதாரணமா’ வளர்ந்ததுதான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? வளர்ச்சி என்பது சினிமா மாதிரி, கையில் இருந்ததோ வேறு வேறு படங்களிலிருந்து கத்தரித்த ஸ்டில்கள்.

அதனால்தான் விலங்குகள் வந்தன. எலிக்குட்டி பிறக்கும்போது அதன் மூளையில் மயலின் கிட்டத்தட்ட இல்லை. பிறந்து பத்து நாள் வாக்கில் ஆரம்பித்து, இருபதாம் நாள் வாக்கில் படுவேகம் பிடிக்கிறது. நமக்கு வருஷக்கணக்கில் நடப்பது எலிக்கு வாரக்கணக்கில் நடந்துவிடுகிறது. 1973-இல் வில்லியம் நார்டனும் ஷர்லி பொடுஸ்லோவும் எலி மூளையிலிருந்து மயலினை மட்டும் பிரித்து எடை போட்டார்கள். 15 நாள் எலியின் மூளையில் சுமார் 4 மில்லிகிராம். ஆறு மாத எலியில் 60 மில்லிகிராம்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஜான் டாபிங் என்றொருவர் இருந்தார். எனக்கு இவரைப் பிடிக்கும், ஏனென்றால் இவர் கேட்டது சோற்றுக் கேள்வி. தாய் எலியிடம் நிறையக் குட்டிகளை விட்டால் ஒவ்வொன்றுக்கும் பால் குறையும், கொஞ்சம் குட்டிகளை விட்டால் வயிறு நிறையும். பசியோடு வளர்ந்த குட்டிகளின் மூளையில் மயலினின் முக்கியக் கொழுப்பான கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தது. 1964-இல் எழுதினார். வளர்ச்சி வேகம் பிடிக்கும் அந்தக் குறுகிய காலத்தில் விட்டதை அப்புறம் பிடிப்பது கஷ்டம் என்பது அவர் வாதம். பிறகு 1979-இல் ஜீன் சாண்ட்ஸுடன் சேர்ந்து பல விலங்குகளை ஒப்பிட்டார். கினி பன்றிக்கும் ஆட்டுக்கும் இந்த வேகக் காலம் பிறப்புக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. எலிக்குப் பிறப்புக்குப் பின்னால். மனிதருக்கும் பன்றிக்கும் பிறப்பைச் சுற்றி, முன்னும் பின்னுமாக. பன்றியை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

ஆனால் டாபிங்குக்கும் அதே பிரச்சினை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு எலியைக் கொல்லணும். கொன்ற எலியை மறுநாள் பார்க்க முடியாது.

இனி காந்தம். அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் ரேடியோ அலைக்குப் பதில் சொல்லும் என்பது 1940-களிலேயே தெரியும். வேதியியல்காரர்கள் சோதனைக் குழாயை உள்ளே வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். 1971-இல் ரேமண்ட் டமாடியன், எலியிலிருந்து எடுத்த புற்றுநோய்க் கட்டியில் இருக்கும் நீரின் பதிலும் நல்ல திசுவில் இருக்கும் நீரின் பதிலும் வேறு வேறு என்று காட்டினார். அது அளவுதான், படம் இல்லை. படம் எடுக்கும் வழியை பால் லாட்டர்பர் கண்டுபிடித்தார். அவர் எழுதியதை ‘நேச்சர்’ இதழ் முதலில் திருப்பி அனுப்பிவிட்டது, பிறகு 1973-இல் வெளியிட்டது. அதிலிருந்த படம் இரண்டு சின்னத் தண்ணீர்க் குழாய்கள். அவ்வளவுதான். இந்த முறையில் அவர் படமெடுத்த முதல் உயிருள்ள பிராணி எது தெரியுமா? கடற்கரையில் அவர் மகள் பொறுக்கிக்கொண்டு வந்த ஒரு சின்ன மட்டி! 2003-இல் லாட்டர்பருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் கிடைத்தது. தனக்குக் கிடைக்கவில்லை என்று டமாடியன் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லணும், ஏன்னா மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. எம்.ஆர்.ஐ. மயலினைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது தண்ணீரை. தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் கருக்களை ஒரு ரேடியோ தட்டு தட்டி, அவை பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்று கேட்கிறது. அதில் இரண்டு கணக்கு உண்டு, டி1, டி2 என்று. தண்ணீர் தாராளமாக இருந்தால் நிதானமாகத் திரும்பும். கொழுப்பு, புரதங்களோடு ஒட்டி நெருக்கடியில் இருந்தால் சீக்கிரம் திரும்பும். எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் படத்தில் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தெரிகிறது. படத்தில் வெளுப்பைப் பார்த்து மயலின் என்று சொல்வது, ஒரு வீட்டு வாசலில் செருப்பு கிடப்பதைப் பார்த்து உள்ளே ஆள் இருக்கு என்று சொல்வது மாதிரி. பெரும்பாலும் சரியா இருக்கும்.

1980-களின் தொடக்கத்தில் லண்டனில் குழந்தைகளின் மூளையை ஸ்கேன் செய்யத் தொடங்கினார்கள். பார்த்தால், பிறந்த குழந்தையின் படம் பெரியவர்கள் படத்துக்குத் தலைகீழாக இருந்தது! டி1 படத்தில் பெரியவர்களுக்கு நரம்புப் பாதைகள் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், குழந்தைக்கு அதே இடம் இருட்டு. மாதங்கள் போகப் போக வெளுத்து, நடுவில் ஒரு கட்டத்தில் எல்லாம் ஒரே சாம்பலாகி, பிறகு பெரியவர்கள் படம்போல ஆகிவிடுகிறது. 1988-இல் ஜேம்ஸ் பார்கோவிச்சும் கூட்டாளிகளும் 1.5 டெஸ்லா கருவியில் எடுத்த படங்களை வைத்து இதை மைல்கல் மைல்கல்லாக எழுதினார்கள். இடது, வலது மூளைகளை இணைக்கும் பாலத்தின் பின்பகுதி டி1 படத்தில் சுமார் நாலாம் மாதத்தில் வெளுக்கும், முன்பகுதி சுமார் ஆறாம் மாதத்தில். டி2 படத்தில் மாற்றம் இன்னும் தாமதமாக வரும். கீழிருந்து மேலே, பின்னாலிருந்து முன்னாலே, நடுவிலிருந்து ஓரத்துக்கு. என் தோழியின் குழந்தை ரிப்போர்ட்டில் இருந்த வரி, இந்த மாதிரி அட்டவணையோடு ஒப்பிட்டு எழுதியதுதான். ஃப்ளெக்சிக் பார்த்த வரிசை உயிருள்ள குழந்தையிடமும் கிட்டத்தட்ட அப்படியே தெரிந்தது.

அட, அப்புறம் என்ன, கதை முடிஞ்சுதே என்று தோன்றும். முடியவில்லை. ‘கிட்டத்தட்ட’ என்று சொன்னேன் பாருங்க, அந்த இடத்தில்தான் சிக்கல். மயலின் வரும்போது தண்ணீரும் குறைகிறது. செல்கள் பெருகுகின்றன. இரும்பு சேர்கிறது. வெளுப்பில் எதன் பங்கு எவ்வளவு? குழந்தையை வைத்து இதைப் பிரிக்க முடியாது. மயலின் மட்டும் இல்லாத மூளை ஒன்று வேணும், அல்லது மயலினே இல்லாத நரம்பு.

1990 வாக்கில் சீமூர் கோனிக் என்ற இயற்பியலாளர், வெள்ளைப் பகுதி பளிச்சென்று தெரிய மயலினின் கொலஸ்ட்ரால்தான் முக்கியக் காரணம் என்று வாதிட்டார். டாபிங் எலி மூளையில் அளந்த அதே கொலஸ்ட்ரால். 1994-இல் வான்கூவரில் அலெக்ஸ் மெக்கே குழு இன்னும் நேரடியாகப் போனது. மயலின் சுற்றுகளுக்கு நடுவே, நம் வாழைப்பட்டைகளுக்கு நடுவில் ஈரம் நிற்பது மாதிரி, கொஞ்சம் தண்ணீர் மாட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீரின் டி2 சுமார் 10 முதல் 40 மில்லிவிநாடி. வெளியே இருக்கும் தண்ணீருக்கு 80 வாக்கில். இரண்டையும் கணக்கில் பிரித்தால் ‘மயலின் தண்ணீர்’ எவ்வளவு என்று சொல்லிவிடலாம். இந்தக் குறுகிய டி2 தண்ணீர் 1978-லேயே தவளையின் நரம்பில் தட்டுப்பட்டது என்பது இன்னொரு சுவையான விஷயம். பட்டியலில் தவளையும் சேர்ந்தாச்சு.

இன்னொரு வழி தண்ணீரின் ஓட்டம். ஈர்க்குத் துடைப்பத்தை வாளியில் முக்கி எடுத்துப் பாருங்க. தண்ணீர் ஈர்க்கு நெடுகச் சரசரவென்று இறங்கும், குறுக்கே போக முடியாது. நரம்புக் கட்டும் ஒரு ஈர்க்குக் கட்டுதான். 1990-இல் மைக்கேல் மோஸ்லியின் குழு, பூனையின் மூளையிலும் தண்டுவடத்திலும் தண்ணீர் நெடுக்கில் அதிகமாகவும் குறுக்கில் குறைவாகவும் பரவுவதைப் படமெடுத்துக் காட்டியது. உடனே எல்லோருக்கும் தோன்றிய விளக்கம்: குறுக்கே தடுப்பது மயலின். கொழுப்பு உறை, அதில் தண்ணீர் எப்படிப் புகும்? ரொம்ப நியாயமான ஊகம்.

இங்கேதான் மீன் வருகிறது. கனடாவின் எட்மண்டனில் கிறிஸ்டியன் போலியூ என்ற மாணவரும் பீட்டர் ஆலனும் கார்ஃபிஷ் என்ற வட அமெரிக்க நன்னீர் மீனை எடுத்துக்கொண்டார்கள். நம் கடலோரத்து முரல் மாதிரி நீளமான வாய், ஆனால் அதற்கு உறவு இல்லை, ரொம்பப் பழைய வேறு வம்சம். இந்த மீனில் என்ன விசேஷம் என்றால், ஒரே உடம்பில் மூன்று விதமான நரம்பு கிடைக்கிறது. கண் நரம்புக்கும் ட்ரைஜெமினல் நரம்புக்கும் மயலின் உண்டு. மோப்ப நரம்புக்கு மயலின் கிடையாது, அதிலே மெல்லிய இழைகள் லட்சக்கணக்கில் அடுக்கி இருக்கும். மூன்றையும் வெளியே எடுத்து அளந்தார்கள். ஊகம் சரியென்றால் மோப்ப நரம்பில் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவணும். பரவவில்லை! மயலின் இல்லாத நரம்பிலும் தண்ணீர் நெடுக்கில்தான் ஓடியது, மற்ற இரண்டைப் போலவே. இழையின் சொந்தச் சவ்வே தடுப்பதற்குப் போதும். 1994-இல் வெளிவந்த முடிவு இது.

எனக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடித்திருக்கிறது. பெரிய மெஷின் இல்லை, பெரிய கணக்கு இல்லை. சரியான பிராணியைத் தேர்ந்தெடுத்ததுதான் கெட்டிக்காரத்தனம். ஆனாலும் ‘நெடுக்கில் ஓடினால் மயலின் நல்லா இருக்கு’ என்ற சுருக்குவழி அதற்குப் பிறகும் பல வருஷம் ஆய்வுக் கட்டுரைகளில் சுற்றிக்கொண்டே இருந்தது. மீன் சொன்னதைக் கேட்க ஆளில்லை போல.

குட்டிகளிடமும் இதே சேதி வந்தது. 1995-இல் ஒரு குழு எலிக்குட்டிகளை ஸ்கேன் செய்தது. அதில் மோஸ்லியும் இருந்தார், குழந்தை அட்டவணை போட்ட பார்கோவிச்சும் இருந்தார். நுண்ணோக்கியில் மயலின் துளிகூடத் தெரியாத நாட்களிலேயே சில பாதைகளில் தண்ணீர் திசை பிடித்து ஓடத் தொடங்கியிருந்தது. ‘மயலினுக்கு முந்தைய கட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். உறை சுற்றும் முன்னாலேயே அந்தப் பாதையில் ஏதோ தயாராகிறது. மூன்று வருஷத்தில் பெட்ரா ஹுப்பி குழு குறைப்பிரசவக் குழந்தைகளிலும் அதையே கண்டது. ஒரு படத்தில் இன்னும் மயலின் வராத இருட்டு, இன்னொரு வகைப் படத்தில் அதே இடத்தில் பாதை போட்டாச்சு என்ற அடையாளம்.

அப்படியென்றால் தண்ணீர் ஓட்டத்தில் மயலினுக்குப் பங்கே இல்லையா? இருக்கு. அதைச் சொன்னது நடுங்கும் சுண்டெலி. ஷிவரர் என்று ஒரு சுண்டெலி வகை. 1970-களில் ஆய்வகத்தில் தற்செயலாகத் தோன்றியது. மயலின் சுற்றுகளை இறுக்கி ஒட்டவைக்கும் ஒரு புரதம் உண்டு, மயலின் பேசிக் புரோட்டீன். இந்த எலியில் அந்த மரபணுவின் பெரும்பகுதியே காணோம். மூளையிலும் தண்டுவடத்திலும் உறை இறுகுவதில்லை. பிறந்து இரண்டு வாரம் வாக்கில், நடக்கப் பார்க்கும்போது உடம்பு வெடவெடவென்று நடுங்கும். சுமார் மூன்று மாதத்தில் இறந்துபோகும். 1987-இல் கலிஃபோர்னியாவில் கரோல் ரெட்ஹெட், லீராய் ஹுட் குழு அந்த மரபணுவைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தது. குட்டிகளின் நடுக்கம் போய்விட்டது. மயலினும் கூடியது.

2002-இல் செயின்ட் லூயிஸில் ஷெங்-க்வெய் சாங் குழு ஷிவரர் எலிகளை ஸ்கேன் செய்தது. நெடுக்கில் தண்ணீர் ஓடுவது சாதாரண எலியைப் போலவே இருந்தது. குறுக்கே ஓடுவது மட்டும் கூடியிருந்தது. ஆக, திசை பிடிக்க மயலின் தேவையில்லை, ஆனால் குறுக்குக் கசிவை மயலின் இன்னும் இறுக்குகிறது. மீனும் எலியும் முரண்படவில்லை, ஆளுக்குப் பாதி சொன்னார்கள். இதையும் சிலர் உடனே எல்லா நோய்க்கும் சூத்திரமாக்கினார்கள், ‘குறுக்கு ஓட்டம் கூடினால் மயலின் போச்சு’ என்று. இழைகள் ஒன்றையொன்று வெட்டிப் போகும் இடத்தில் அந்தக் கணக்கு ஏமாற்றும் என்று 2009-இல் வேறு ஆய்வாளர்கள் எச்சரிக்கை எழுதவேண்டி வந்தது.

சுண்டெலியை எப்படி ஸ்கேன் செய்வது என்று யோசித்தீர்களா? அதன் மூளை அரை கிராம்கூட இருக்காது. நமக்கு 1 மில்லிமீட்டர் நுணுக்கம் போதும் என்றால், அதற்கு 0.1 மில்லிமீட்டராவது வேணும். ஒவ்வொரு பக்கமும் பத்தில் ஒன்று என்றால் கனஅளவில் ஆயிரத்தில் ஒன்று. தண்ணீரும் ஆயிரத்தில் ஒன்று, சிக்னலும் ஆயிரத்தில் ஒன்று. அதனால்தான் ஆஸ்பத்திரியில் 1.5, 3 டெஸ்லா போதும் என்னும்போது எலிக்கு 7, 9.4, 11.7 டெஸ்லா காந்தம். உயிரோடு என்றால் மயக்கவாயு கொடுத்து, மணிக்கணக்கில் அசையாமல் வைக்கணும். எலியின் இதயம் நிமிஷத்துக்கு ஐந்நூறு, அறுநூறு முறை அடிக்கும், மூச்சும் வேகம், ரெண்டும் படத்தைக் கலைக்கும். பத்து நாள் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைக்கூடக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது, கதகதப்பாக வைக்கணும். ஸ்கேன் முடிந்து தாயிடம் திருப்பி விட்டால் தாய் ஏற்றுக்கொள்ளணும். இத்தனையும் செய்தால் ஒன்று கிடைக்கும்: அதே குட்டியை அடுத்த வாரமும் பார்க்கலாம். ஸ்டில் போய் சினிமா வந்தாச்சு.

விலங்குகளுக்கு இது கொஞ்சம் நல்லது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கூட்டம் எலிகளைக் கொல்லாமல் ஒரே கூட்டத்தைத் தொடரலாம். ஆனால் மழுப்பக் கூடாது. கடைசியில் படத்தைச் சரிபார்க்க மூளையை எடுத்துச் சாயம் போட்டுத்தான் ஆகணும். நான் இதுவரை சொன்ன ஒவ்வொரு முடிவுக்கும் விலை அதுதான். ஒரு குழந்தையின் ரிப்போர்ட் வரியை நம்பி மூச்சு விட்டவள் நான். அந்த எலிகளைப் பற்றி எனக்கு இருக்கும் சங்கடத்தையும் சேர்த்தே சொல்லணும் இல்லையா.

குறைப்பிரசவத்துக்கு வருவோம், ஏன்னா தோழியின் பயம் அங்கேதான். மயலின் சுற்றும் செல்லுக்கு ஒலிகோடென்ட்ரோசைட் என்று பெயர். சுமார் 24 முதல் 32 வாரக் கருவில் இந்தச் செல்கள் இன்னும் முதிராத கட்டத்தில் இருக்கும். அந்தக் கட்டத்தில் ஆக்ஸிஜனும் ரத்த ஓட்டமும் குறைந்தால் இவைதான் முதலில் அடிபடும். செல் செத்தது, அதனால் மயலின் வரவில்லை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஸ்டீஃபன் பேக் குழு எலிக்குட்டிகளிலும் ஆட்டுக் கருக்களிலும் பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. ஆட்டுக் கருவை ஏன் எடுத்தார்கள் என்றால், அதன் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆகும்போது மூளை குறைப்பிரசவக் குழந்தையின் கட்டத்தில் இருக்கிறது. செத்த செல்களுக்குப் பதில் புதுச் செல்கள் வருகின்றன. வந்து, வளராமல் நின்றுவிடுகின்றன. ஆள் இருக்கு, வேலைக்குப் போகவில்லை. 2012-இல் மனிதக் குழந்தைகளின் மூளையிலும் இதையே காட்டினார்கள். அதற்கு முந்தைய வருஷம் ஆட்டுக் கருவின் மூளைகளை 12 டெஸ்லா காந்தத்தில் வைத்து, எந்த வகைப் படத்தில் எந்த வகைக் காயம் தெரிகிறது என்று நுண்ணோக்கியோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். செல் செத்திருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. நின்றுபோன செல் என்றால் அதைக் கிளப்ப வழி தேடலாம். அந்த வழி இன்னும் மருந்தாக வரவில்லை, தேடுகிறார்கள்.

இப்போ பன்றி. டாபிங் பட்டியலில் மனிதரோடு சேர்ந்து நின்றது அதுதான். மூளையில் நம்மைப் போல மடிப்புகள் உண்டு, சாதாரண ஆஸ்பத்திரி ஸ்கேனருக்குள்ளேயே நுழையும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரே பன்றிகளை 2 வாரம் முதல் 24 வாரம் வரை திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து வளர்ச்சி வரைபடம் போட்டார்கள். பன்றிக்குட்டி பிறக்கும்போதே அதன் உடம்பில் இரும்பு கம்மி. பண்ணையில் எல்லாக் குட்டிக்கும் இரும்பு ஊசி போடுவது வழக்கம். ஒலிகோடென்ட்ரோசைட்டோ மூளையிலேயே அதிகம் இரும்பு வைத்திருக்கும் செல், கொழுப்பு தயாரிக்க அதற்கு இரும்பு வேணும். அதே இடத்தில் இரும்பு குறைந்த பால் கொடுத்து வளர்த்த குட்டிகளின் மூளையில் வேறுபாடு ஸ்கேனிலேயே தெரிந்தது. சிலி நாட்டில் 1998-இல், ரத்தசோகை உள்ள ஆறு மாதக் குழந்தைகளின் காதிலிருந்து மூளைத்தண்டுக்குச் சிக்னல் போகத் தாமதமாவதை அளந்தார்கள். உறை சரியாகச் சுற்றாததுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் நாட்டு எண் ஞாபகம் வந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவில் 6 மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எல்லாமே இரும்பால் வருவதில்லை. இருந்தாலும் அங்கன்வாடியில் கொடுக்கும் அந்தக் கறுப்பு நிற சிரப்பை நான் இனி வேறு கண்ணால்தான் பார்ப்பேன்.

சிம்பன்சிகளை மறக்கலை. ஜப்பானின் இனுயாமாவில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மையத்தில் 2000-ஆம் ஆண்டு மூன்று குட்டிகள் பிறந்தன: அயுமு, கிளியோ, பால். ஆறு மாதத்திலிருந்து ஆறு வயசு வரை மூவரையும் எம்.ஆர்.ஐ. எடுத்துத் தொடர்ந்தார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைப் பகுதி மனிதக் குழந்தைக்கு முதல் சில வருஷங்களில் கிடுகிடுவென்று பெருகுகிறது. சிம்பன்சிக்கு அந்தப் பாய்ச்சல் இல்லை. 2011-இல் வெளிவந்தது. மூன்றே மூன்று பேர்தான், அதனால் பெரிய முடிவுக்குத் தாவக் கூடாது. ஆனால் மூவருமே உயிரோடு வளர்ந்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் எண்களை ஞாபகம் வைக்கும் விளையாட்டில் மாணவர்களைத் தோற்கடித்த சிம்பன்சி என்று யூட்யூபில் பார்த்திருப்பீர்களே, அது இந்த அயுமுதான்.

தோழிக்கு மறுநாள் காலையில் போன் செய்தேன். மீன் கதையை மட்டும் சொன்னேன். “அதெல்லாம் சரி, நாலாம் மாசம் திரும்ப ஸ்கேன் எடுக்கணுமா?” என்று கேட்டாள். டாக்டரைக் கேளு என்றேன். கேட்டிருக்கிறாள். இப்போதைக்கு வேண்டாம், குழந்தை தலை நிமிர்த்துகிறாளா, முகம் பார்த்துச் சிரிக்கிறாளா என்று பார்ப்போம் என்றாராம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோ அனுப்பினாள். குப்புறப் படுத்து, தலையைத் தூக்கி, இரண்டு விநாடி தாக்குப்பிடித்து, மறுபடி பொத்தென்று பாயில் முகம் வைக்கிறாள்.

ஃப்ளெக்சிக் பற்றி ஒன்று விட்டுப்போச்சு. அவரிடம் மனநோய்க்கு சிகிச்சை பெற்ற ஷ்ரேபர் என்ற நீதிபதி பிறகு தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார், 1903-இல். அதைப் படித்துவிட்டு ஃப்ராய்டு ஒரு நீண்ட ஆய்வே எழுதினார். அந்தப் புத்தகத்தில் நம் மயலின் பேராசிரியர்தான் வில்லன். அதைத் தனி எபிசோடாகப் பேசலாம்.